சந்தன மரங்களைக் கொல்லும் ‘ஸ்பைக்’: மருந்தே இல்லாத நோயா?

சந்தனக் கன்று நட்டால் லாபம்னு விளம்பரம் பார்த்தீங்களா? முதல்ல இந்த நோயைத் தெரிஞ்சுக்கோங்க. 1899-ல் குடகில் பதிவான ‘ஸ்பைக்’, பிறகு கேரளாவின் மறையூர் காடுகளையும் தாக்கியது.

எப்படிப் பரவுகிறது?

காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி. சாறு உறிஞ்சும் பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் கடத்துகின்றன. இலைகள் சிறுத்து, முள் மாதிரி விறைத்து நிற்கும். பெரும்பாலும் 3 வருஷத்துக்குள் மரம் பட்டுப்போகும்.

மருந்து உண்டா?

இல்லை. டெட்ராசைக்ளின் கொடுத்தால் அறிகுறி கொஞ்ச காலம் மறையும், அப்புறம் திரும்பிவிடும். நோயுற்ற மரத்தை அகற்றித்தான் மற்றவற்றைக் காப்பாற்ற முடியும்.

சிக்கல் எங்கே?

அறிகுறி தெரிவதற்கு முன்பே கிருமி உள்ளே இருக்கலாம். பிசிஆர் பரிசோதனைதான் அதைக் காட்டும். அதனால், கன்று வாங்கும் முன் பரிசோதனை முடிவைக் கேளுங்கள்.