மலைக்குளிரும் அரிவாள் செல் இரத்தசோகையும்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

நீலகிரி மாவட்டப் பழங்குடியினரிடையே காணப்படும் முக்கியமான பரம்பரை நோய் அரிவாள் செல் இரத்தசோகை. மருத்துவமனைகளில் இது ‘சிக்கிள் செல் அனீமியா’ என்று அழைக்கப்படுகிறது. இந்நோய்க்கான மரபுக்கூறு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடங்களுள் ஒன்று இம்மலைப்பகுதியே. 1952-ஆம் ஆண்டில் லேமன், கட்பஷ் ஆகிய ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து இதனை உலகுக்கு அறிவித்தனர்.

இந்நோய் தொற்றாது. தொடுவதாலோ, உணவைப் பகிர்வதாலோ பரவாது. முறையான சிகிச்சை பெறுவோர் படிக்கலாம், பணியாற்றலாம், இல்லறம் நடத்தலாம். ஆனால், காய்ச்சலோ கடும் வலியோ தோன்றும்போது தாமதித்தல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நோய் எவ்வாறு ஏற்படுகிறது?

இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதமே உடலெங்கும் ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது. இந்நோயில் அப்புரதத்தின் ஒரு சங்கிலியில், ஆறாம் இடத்தில் இருக்க வேண்டிய குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் அமைந்துவிடுகிறது. இச்சிறு மாற்றத்தால், ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீள்கிறது. வட்டமான சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்து விறைக்கிறது.

விறைத்த அணுக்கள் நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்வதால் வலி உண்டாகிறது. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். அரிவாள் அணுவோ 10 முதல் 20 நாட்களிலேயே அழிந்துவிடும். சோகையும் கண் மஞ்சளாதலும் இதன் விளைவே.

பிறந்த குழந்தையின் உடலில் கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் முதல் சில மாதங்களில் அறிகுறி தெரியாது. ஆறு மாதத்திற்குப் பின்னர் கை, கால் விரல்கள் வீங்கி, குழந்தை விடாமல் அழுவது முதல் அடையாளமாக இருக்கலாம்.

பண்பு தாங்குபவர் நோயாளி அல்லர்

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மரபுக்கூறு வந்தால் மட்டுமே நோய் ஏற்படும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் ‘பண்பு தாங்குபவர்’; பொதுவாக அவருக்குச் சிகிச்சை தேவையில்லை.

இருவரும் பண்பு தாங்குபவராயின், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. பண்பு மட்டும் வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. இரண்டும் இல்லாதிருக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. முதற்குழந்தை நலமாகப் பிறந்ததால் அடுத்த குழந்தைக்குச் சோதனை வேண்டாம் என்று கருதுதல் தவறு.

மலேரியா பரவியிருந்த காட்டுப் பகுதிகளில், பண்பு தாங்கிய குழந்தைகள் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பிப் பிழைத்தனர். அதனாலேயே இக்கூறு தலைமுறைகளைக் கடந்து நிலைத்தது. இதில் எந்தச் சமூகத்திற்கும், எந்தத் தாய்க்கும் குற்றமோ இழிவோ இல்லை.

மலைவாழ்வில் கூடுதல் கவனம் ஏன்?

குளிர், நீர்ச்சத்துக் குறைவு, மிகுந்த உடலுழைப்பு, நோய்த்தொற்று ஆகியவை வலித்தாக்கத்தைத் தூண்டுகின்றன. நீலகிரியில் இவை ஒன்றுசேரும் வாய்ப்பு மிகுதி. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் சமவெளியைவிடக் குறைவு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுகிறது. கூடலூர், பந்தலூர் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுவதும் ஈரம் நீங்குவதில்லை.

• குளிரில் தாகம் தெரியாது. எனவே தாகத்திற்காகக் காத்திராமல், வெதுவெதுப்பான நீரை அடிக்கடி பருக வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள், அருகில் கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீரைத் தவிர்க்கக் கூடாது. கழிப்பறை வசதியைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுதல் அவர்களது உரிமை.

• மழையில் நனைந்தால் உடனே உடைமாற்ற வேண்டும். குளிர்ந்த நீரில் குளித்தலையும் ஆற்றில் நீந்துதலையும் தவிர்க்க வேண்டும். கம்பளி, குல்லா, காலுறை அவசியம்.

• மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காய்தல் கூடாது. அதிலிருந்து வெளியாகும் கார்பன் மோனாக்சைடு எவரையும் கொல்லக்கூடியது; இந்நோயாளிகளுக்கு ஆக்சிஜன் குறைவு மேலும் தீங்கானது.

• வலியுள்ள இடத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். ஐஸ் ஒத்தடம் கூடாது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல்
• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
• முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை கால் செயலிழத்தல், வலிப்பு
• குழந்தையின் இடது விலாவின் கீழ் வயிறு திடீரென வீங்கி, உடல் வெளிறுதல்
• வழக்கமான வலி மாத்திரைக்கு அடங்காத வலி
• ஆண்களுக்கு, சிறுவர்கள் உட்பட, நெடுநேரம் நீடிக்கும் வலிமிகுந்த ஆணுறுப்பு விறைப்பு

இந்நோயில் மண்ணீரல் இளமையிலேயே செயலிழப்பதால், சாதாரணமாகத் தோன்றும் காய்ச்சல் சில மணி நேரத்தில் இரத்தத் தொற்றாக மாறலாம். ‘காலை வரை பார்ப்போம்’ என்று இருத்தல் ஆபத்து. யானை நடமாட்டமுள்ள குடியிருப்புகளில் வசிப்போர், மாலையில் உடல் சூடு தெரிந்தவுடன், பொழுது சாயும் முன்னரே புறப்படுதல் நலம். இரவாகிவிட்டால் 108 அவசர ஊர்தியை அழைத்து, ‘இவர் சிக்கிள் செல் நோயாளி’ என்பதை முதலிலேயே தெரிவிக்கவும். வீட்டில் ஒரு வெப்பமானியும், பரிசோதனை அட்டையும் மருத்துவக் குறிப்புகளும் அடங்கிய பையும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

சிகிச்சை

ஹைட்ராக்சியூரியா மாத்திரை கருக்கால ஹீமோகுளோபினை மீண்டும் கூட்டி, வலித்தாக்கங்களைக் குறைக்கிறது. இது வலி நிவாரணி அன்று. பயன் தெரியச் சில மாதங்கள் ஆகும். வலி இல்லாத நாட்களிலும் தவறாமல் உட்கொண்டு, குறித்த நாளில் இரத்த அணு எண்ணிக்கையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தைப் பேற்றை விரும்பும் ஆண், பெண் இருவரும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

போலிக் அமில மாத்திரை, சிறு குழந்தைகளுக்கு ஐந்து வயது வரை பென்சிலின், நிமோகாக்கல் உள்ளிட்ட தடுப்பூசிகள் ஆகியவை மருத்துவர் அறிவுரைப்படி அளிக்கப்படும். ‘சோகை’ என்ற சொல்லைக் கேட்டு இரும்புச்சத்து மாத்திரையைத் தாமாக உட்கொள்ள வேண்டாம். இந்தச் சோகை பெரும்பாலும் இரும்புக் குறைவால் வருவதன்று. பள்ளியில் வாரந்தோறும் வழங்கப்படும் மாத்திரை குறித்தும் மருத்துவரிடம் கேட்டறியவும்.

நோயுள்ள கர்ப்பிணிகள் தொடக்கத்திலேயே பதிவு செய்து, இரத்த வசதியுள்ள மருத்துவமனையில் மகப்பேறு பெறுதல் வேண்டும்.

பள்ளி செல்லும் பிள்ளைகள்

இந்நோயில் சிறுநீரகத்தால் நீரைத் தேக்கிவைக்க இயலாது. ஆதலால் பிள்ளைகள் அடிக்கடி சிறுநீர் கழிப்பர்; இரவில் படுக்கையை நனைப்பதும் உண்டு. அதற்காகத் திட்டவோ, தண்ணீரைக் குறைக்கவோ கூடாது. வகுப்பில் தண்ணீர் அருந்தவும் கழிப்பறைக்குச் செல்லவும் தடையின்றி அனுமதிக்குமாறு ஆசிரியரிடம் முன்னரே தெரிவிக்கவும். விளையாட்டை முழுதும் தடுக்க வேண்டாம். களைப்பு தோன்றும்போது ஓய்வு கொடுத்தால் போதும்.

பரிசோதனை எங்கே?

2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம், 2047-ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்குவதை இலக்காகக் கொண்டது. பழங்குடியினர் வாழும் பகுதிகளில் 40 வயது வரையுள்ளோர் இதன்கீழ் பரிசோதிக்கப்படுகின்றனர். சில துளி இரத்தத்தில் முதற்கட்டச் சோதனை செய்யப்படும். அதில் ஐயம் எழுந்தால் எச்.பி.எல்.சி. சோதனை முடிவை உறுதி செய்யும். இச்சோதனையை வாழ்நாளில் ஒருமுறை உறுதி செய்துகொண்டாலே போதும். முடிவு அட்டையைத் திருமணத்திற்கு முன் இரு வீட்டாரும் பார்த்தல் நலம். அது திருமணத்தைத் தடுப்பதற்காக அன்று. கருவுறும் முன்னரே ஆலோசனை பெறுவதற்காக.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், வட்ட அரசு மருத்துவமனை, உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றை அணுகலாம். கோத்தகிரியில் நாவா, கூடலூரில் அஸ்வினி ஆகிய தொண்டு அமைப்புகளும் பழங்குடியினர் நலனுக்காகப் பல்லாண்டுகளாகப் பணியாற்றி வருகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இல் இந்நோயும் இடம்பெற்றுள்ளதால், தகுதியுடையோர் மருத்துவக் குழுவிடம் சான்றிதழ் கோரலாம்.

ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணையும், அவசரத்திற்கு 108 என்ற எண்ணையும் அழைக்கவும். இக்கட்டுரை பொது அறிதலுக்கானது. மருந்தின் அளவை மருத்துவரே முடிவு செய்வார்.