பெயர் சொன்ன உரைகாரர்

சைரீன் நகரத்துத் தாலமாயிஸ் எழுதிய இசை நூல் இன்று இல்லை. கேள்வி பதிலாக அமைந்த அந்நூலின் சில பத்திகளே மிச்சம். பண்டைக் கிரேக்க இசை இலக்கணத்தில் தன் சொற்களோடு நம்மை எட்டியிருக்கும் ஒரே பெண் அவர்.

அந்தப் பத்திகளையும் ஓர் உரைதான் காப்பாற்றியது. வானியலாளர் தாலமியின் 'ஹார்மோனிகா' என்ற இசை இலக்கண நூலுக்கு கி.பி. 3ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய போர்ஃபிரிக்கு ஒரு மனக்குறை. தாலமி முன்னோரிடமிருந்து, குறிப்பாக டிடிமஸிடமிருந்து, பெயர் சொல்லாமலே நிறைய எடுத்திருக்கிறார். ஆகவே போர்ஃபிரி, யார் எதைச் சொன்னார் என்பதை அவரவர் சொற்களிலேயே எடுத்துக்காட்டினார். சுருதியை எண்ணாகப் பார்ப்பதே தவறு என்று வாதிட்ட தியோஃபிராஸ்டஸின் நீண்ட பகுதி அப்படித்தான் பிழைத்தது. ஒலியின் உயர்வு தாழ்வுக்குக் காரணம் தேடிய ஆர்க்கிட்டாஸும் அந்த உரையில் பேசுகிறார்.

தாலமாயிஸ் எடுத்துக்கொண்டது அக்காலத்தின் பெரிய சண்டை. ஸ்வரத்தைத் தீர்மானிப்பது காதா, கணக்கா? அவர் சொல்படி, பித்தகோரஸ் வழியினர் காதில் தொடங்கிக் கணக்கில் முடிப்பவர்கள். அரிஸ்டாக்ஸெனஸ் இரண்டுக்கும் சம இடம் தந்தவர். எவ்வளவு தெளிவான பகுப்பு!

பொயீத்தியஸ் கதை வேறு. 6ஆம் நூற்றாண்டில் லத்தீனில் அவர் எழுதிய இசை நூல் ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது. அதன் பெரும்பகுதி நிக்கோமாக்கஸின் தொலைந்த நூலைத் தழுவியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். யாருடைய வரி எது என்று இன்று பிரிக்க வழியில்லை.

உரைகள் பிழைகளையும் சேர்த்தே கடத்தின என்பார் உண்டு. உண்மைதான். கொல்லன் பட்டறைச் சம்மட்டிகளின் எடையில் பித்தகோரஸ் ஸ்வர விகிதம் கண்டார் என்ற கதை இயற்பியலுக்கு ஒவ்வாது. 16ஆம் நூற்றாண்டில் வின்சென்சோ கலிலி தந்திகளில் எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். மேல் ஸ்தாயிக்கு இரு மடங்கு போதவில்லை, நான்கு மடங்கு வேண்டியிருந்தது.

எனக்குள்ள கவலை பிழையைப் பற்றியதல்ல. சுருக்கும்போது நாம் முதலில் வெட்டுவது சொன்னவர் பெயரை. பாடக் குறிப்பிலும் காணொளியிலும் 'அறிஞர்கள் கூறுகின்றனர்' என்ற ஒரு சொற்றொடரில் பத்துப் பேர் கரைந்துபோகிறார்கள். போர்ஃபிரியும் அப்படி எழுதியிருந்தால் கருத்து தங்கியிருக்கும், தாலமாயிஸ் இருந்திருக்கமாட்டார். 'ஹார்மோனிகா' மூன்று பாகம். நம்மிடமுள்ள போர்ஃபிரியின் உரையோ இரண்டாம் பாகத்தின் 7ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறது.