குடிபெயர்வும் கூலியும்

வெளியூரார் வந்து வேலையில் அமர்ந்தால் உள்ளூராரின் கூலி குறைந்துவிடும் என்பது பலர் கூற்று. இராஜபாளையத்து நூற்பாலைகளில் இந்நாளில் வடமாநிலத் தொழிலாளரும் வேலை செய்து வருதலின், அவ்வட்டாரத்தில் இவ்வையம் எழுதல் இயல்பே. இதனை ஆராயப் புகுவோர், நம்மவரே பிறநாட்டில் கூலியாட்களாய் இருந்த வரலாற்றை முதற்கண் நோக்குதல் தகும்.

இன்று விருதுநகர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், 1910-இல் அமைந்த இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. மழை பொய்ப்பின் கண்மாய் வறளும். கண்மாய் வறளின் வயல்வேலை இல்லை. ஆதலின் அந்த ஜில்லாவினின்றும், திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி முதலியவற்றினின்றும் ஏழை மக்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். அழைத்துச் சென்ற கங்காணி வழிச்செலவுக்கு ஈந்த முன்பணம் அவர்கள்மீது கடனாய் நின்றது. அக்கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டின்றி வேறு தோட்டம் புகுதல் அரிது. விட்டுப் போக மாட்டாதவன் கூலியை உயர்த்திக் கேட்பது எங்ஙனம்? தோட்டத்துரைமார் ஆட்களுக்காகப் போட்டியிட்ட காலத்தும் முன்பணமே பெருகிற்று. தொழிலாளியின் கூலி அவ்வாறு உயரவில்லை.

இக்கட்டு தானே அவிழவில்லை, சட்டம் அவிழ்த்தது. 1921-இல் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. 1922-இல் இந்திய அரசாங்கம் குடிபெயர்வுச் சட்டம் இயற்றித் தொழிலாளரை வெளிநாட்டிற்கு அனுப்புதற்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரம் பெற்றது. 1927-இல் இலங்கையில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. ஆட்கள் வரும் வழி அடைபடாமலே கூலிக்கு ஓர் எல்லை ஏற்பட்டமை ஈண்டுக் கருதத்தக்கது.

பின்னர் வழியும் அடைபட்டது. 1939-இல் இலங்கை அரசாங்கம் தன் நாட்கூலி வேலைகளினின்று இந்தியரை நீக்க முற்பட, இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் கூலித்தொழிலாளர் அங்குச் செல்வதைத் தடுத்தது. 1948-இல் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் தோட்டமக்களுட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியராக வகுத்தது. இதற்கிடையில் அவர்கள் தேயிலை கிள்ளுதலை விட்டாரில்லை. வாக்குரிமை இன்மையால், தம் கூலிக்காகப் பேசுவாரைச் சட்டசபைக்கு அனுப்பும் ஆற்றலையே இழந்தனர்.

இவ்வரலாற்றின் ஒளியில் நம் ஊர்நிலையை நோக்குவோம். 1936-இல் இராஜபாளையம் மில் தோன்றிய நாள்தொட்டு அவ்வூர் நூற்புத்தொழிலால் வளர்ந்து வந்துள்ளது. ஒரே வேலைக்கு ஆட்கள் பெருகின் கூலி தாழ இடமுண்டு, இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் வந்தவரும் அரிசி வாங்குவர், வாடகை தருவர். ஆட்குறையால் நின்ற கதிர்கள் ஓடின் பிறர்க்கும் வேலையுண்டு. மேலும், இந்தியர் எவரும் நாட்டின் எப்பகுதியிலும் சென்று வாழவும் தொழில் செய்யவும் 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பு உரிமை அளித்துள்ளது. ஆகவே அவரைத் தடுத்தல் வழியாகாது. தரகரிடம் பட்ட கடனால் அவர் கட்டுண்டு கிடக்கின்றாரா, ஒரே வேலைக்கு ஒரே கூலி பெறுகின்றாரா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. அஞ்சிக் குறைகூலிக்கு உடன்படுவான் ஒருவன் அருகில் நிற்குங்கால், உள்ளூரான் உயர்கூலி கேட்டல் அரிதாம்.

கூலியாள் சகோதரனாயினும் அந்நியனாயினும், பொழுது சாயுமுன் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் பிரமாணம். இருவரையும் ஒரே கட்டளையில் வைத்த அவ்வறிவு ஆலைவாயிலிலும் விளங்குமாயின், இருவர் கூலியும் காக்கப்படும்.