கேட்காமல் வரும் பைட்

யுஎஸ்பி-சீரியல் அடாப்டரின் ஒரு முனை கணினியில் செருகப்படும். மறுமுனையில் ஆர்எஸ்-232 காலத்துக் கம்பிகள். மடிக்கணினிகளிலிருந்து ஒன்பது ஊசி சீரியல் போர்ட் மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் ரௌட்டரின் கன்சோல், எடைத்தராசு, பில் பிரிண்டர், ஆர்டுயினோ பலகை என்று சீரியல் மொழியை விடாத கருவிகள் இன்னும் ஏராளம். எஃப்டி232ஆர், பிஎல்2303, சிபி210எக்ஸ், மலிவான பலகைகளில் வரும் சிஎச்340 ஆகியவை இந்த வேலைக்கென்றே உள்ள சிப்கள். இவற்றை இயக்கும் டிவைஸ் டிரைவர் எழுதுவோருக்குப் பைட்டுகளை அனுப்புவதும் வாங்குவதும் பெரிய பாடில்லை. சிப்பை எப்போது உறங்க விடுவது என்பதில்தான் சிக்கல்.

யுஎஸ்பியில் பேச்சைத் தொடங்குவது எப்போதும் கணினிதான். கேட்டால் மட்டுமே சாதனம் பதில் தரும். சீரியல் கம்பியில் அந்த ஒழுங்கு கிடையாது; எதிர்முனையில் இருக்கும் கருவி நினைத்த நேரத்தில் பைட்டை அனுப்பிவிடும். 9600 பாட் வேகத்தில் ஒரு பைட் வந்துசேர ஒரு மில்லிநொடிக்குச் சற்று மேல், 115200 வேகத்தில் சுமார் 87 மைக்ரோநொடி. சிப் விழித்திருக்கும்வரை வந்ததைச் சிறு நினைவகத்தில் சேர்த்துவைத்து, கணினி கேட்கும்போது கொடுத்துவிடுகிறது. உறங்கிவிட்டால்?

யுஎஸ்பி 2.0 விதிப்படி, கம்பியில் 3 மில்லிநொடி சலனமே இல்லாவிட்டால் சாதனம் உறக்க நிலைக்குப் போக வேண்டும். 10 மில்லிநொடிக்குள் அது இழுக்கும் மின்னோட்டம் சில மில்லிஆம்பியருக்குள் அடங்கிவிட வேண்டும். எழுப்புவது இன்னும் நிதானமான வேலை. கணினி குறைந்தது 20 மில்லிநொடி எழுப்பு சமிக்ஞையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிறகு சாதனம் நிலைக்கு வர 10 மில்லிநொடி அவகாசம் தர வேண்டும். 115200 பாட் வேகத்தில் அந்த 30 மில்லிநொடிக்குள் கிட்டத்தட்ட 345 பைட்டுகள் வந்து போய்விடும்.

இவ்வளவு சிரமப்பட்டு மிச்சமாவது என்ன? எஃப்டி232ஆர் சிப் விழித்திருக்கையில் சுமார் 15 மில்லிஆம்பியர் எடுக்கும், உறக்கத்தில் சுமார் 70 மைக்ரோஆம்பியர். 5 வோல்ட்டில் கணக்கிட்டால் மிச்சம் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உண்மையான லாபம் கணினிப் பக்கம் கிடைக்கிறது. ஒரே ஒரு சாதனம் விழித்திருந்தாலும் யுஎஸ்பி கன்ட்ரோலர் ஓய முடியாது. பழைய வகைக் கன்ட்ரோலர்கள் தம் வேலைப்பட்டியலைப் பார்க்க நினைவகத்தை ஓயாமல் தட்டிக்கொண்டே இருப்பதால், செயலியும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக இயலாமல் போகும்.

லினக்ஸ் கெர்னல் இதற்கு இரண்டு வழிகளைக் கையாள்கிறது. சாதாரண அடாப்டர்களுக்கு வழி எளியது: ஏதாவது ஒரு நிரல் போர்ட்டைத் திறந்ததும், பயன்பாட்டில் இருப்பதற்கான எண்ணிக்கை ஒன்று கூடும், மூடியதும் குறையும். எண்ணிக்கை சுழியமானால் மட்டுமே உறக்கம். திறந்த போர்ட்டில் எந்நேரமும் பைட் வரலாம் என்பதால் பாதுகாப்பான முடிவு இதுதான்.

மோடம் வகைச் சாதனங்களைக் கவனிக்கும் டிரைவர்கள் துணிச்சலானவை. போர்ட் திறந்திருந்தாலும், பேச்சு ஓய்ந்தால் சாதனத்தை உறங்க விடுகின்றன. சாதனமே கணினியைத் தட்டி எழுப்பும் ரிமோட் வேக்கப் வசதியை நம்பித்தான் இது. அந்த வசதி தேவை என்று டிரைவர் குறித்துவைத்து, சாதனத்தில் அது இல்லையென்றால், தானியங்கி உறக்கத்துக்குக் கெர்னல் அனுமதி தராது.

அப்படியானால் எல்லா அடாப்டருக்கும் இதே வழியைப் பின்பற்றலாமே என்று தோன்றும். எஃப்டி232ஆர் கணினியிடம் தரும் தன்விவரக் குறிப்பைப் பார்த்தால் விடை தெரியும். மின்தேவை என்ற இடத்தில் 45 என்றிருக்கும். அலகு 2 மில்லிஆம்பியர் என்பதால் 90 மில்லிஆம்பியர் என்று பொருள். அதன் அருகிலேயே ரிமோட் வேக்கப் உண்டு என்ற பிட்டும் பெரும்பாலும் போடப்பட்டிருக்கும். குறிப்பு பொய்யில்லை, ஆனால் அந்தச் சிப்பை எழுப்புவது ஆர்ஐ என்ற ஊசி. தொலைபேசி மோடம் காலத்தில் மணியடிப்பதைச் சொல்ல வைத்த கம்பி அது. தரவு வரும் ஆர்எக்ஸ்டி கம்பியில் என்ன வந்தாலும் எழுப்பு சமிக்ஞை போகாது. பல அடாப்டர்களில் மூன்றே கம்பிகள்; ஆர்ஐ எங்கும் இணைக்கப்பட்டிருக்காது. பிட்டை மட்டும் நம்பி உறங்க வைத்தால் பைட்டுகள் சத்தமின்றித் தொலையும்.

அனுப்பும் பக்கத்திலும் கண்ணி உண்டு. நிரல் தரும் தரவை அனுப்பும் வேலை, காத்திருக்கவே கூடாத சூழலில் டிரைவரிடம் வந்துசேரலாம். சாதனம் எழும்வரை அங்கே நிற்க முடியாது. அதனால் மோடம் டிரைவர்கள் எழுப்பச் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுகின்றன. தரவு ஒரு வரிசையில் நிறுத்தப்பட்டு, சாதனம் எழுந்ததும் வந்த வரிசைப்படியே போகும். எதிர்ப்பக்கத்தில், உறங்கச் சொல்லும் ஆணை வரும்போது அனுப்பிய தரவு பாதி வழியில் இருந்தால் டிரைவர் மறுத்துவிடலாம். இந்தச் சோதனையும், உறங்கிவிட்டேன் என்று குறிப்பதும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும். இடையில் ஒரு நூலிழை விட்டாலும் அந்த இடைவெளியில் புதுத் தரவு நுழைந்து, உறங்கும் சாதனத்தை நோக்கிப் போகும். எப்போதோ ஒருமுறை மட்டும் தலைகாட்டி, சோதிக்கும்போது ஒளிந்துகொள்ளும் வகைப் பிழை இது.

மறுக்கும் உரிமை தானியங்கி உறக்கத்துக்கு மட்டுமே. மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் முழு அமைப்பும் உறங்கப் போகிறது. அப்போது டிரைவர் பணிந்தே ஆக வேண்டும். காத்திருக்கும் வாசிப்புக் கோரிக்கைகளை ரத்து செய்து, மூடி திறந்ததும் மறுபடி போட வேண்டும். மீண்டெழும்போது நினைவகம் கேட்பதிலும் எச்சரிக்கை தேவை. நினைவகம் போதாமல் வட்டிலிருந்து இடம் எடுக்கும் நிலை வந்து, அந்த வட்டும் யுஎஸ்பியில் உறங்கிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து முடங்கும். ஆகவே வட்டைத் தொடாத வகையில் மட்டும் நினைவகம் கேட்க வேண்டும் என்பது கெர்னலில் விதி.

உறக்கத்தின்போது போர்ட்டுக்கான மின்சாரமே நின்றுவிட்டால் சிப் எல்லாவற்றையும் மறந்துவிடும். பாட் வேகம், பாரிட்டி, டிடிஆர், ஆர்டிஎஸ் கம்பிகளின் நிலை எதுவும் மிஞ்சாது. இதற்கென்றே மீட்டமைத்து எழுப்பும் தனிச் செயல்பாடு உண்டு. சிஎச்340-ஐக் கவனிக்கும் லினக்ஸ் டிரைவர், சிப்பை முதலிலிருந்து மறுபடி அமைத்துவிட்டே வாசிப்பைத் தொடங்குகிறது. டிடிஆர் கம்பி விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஆர்டுயினோ ஊனோ போன்ற பலகைகளில் அது ரீசெட்டுடன் இணைந்திருப்பதால், ஒருமுறை விழுந்து எழுந்தாலே பலகையில் ஓடும் நிரல் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

லினக்ஸில் பெரும்பாலான யுஎஸ்பி சாதனங்களுக்குத் தானியங்கி உறக்கம் இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கிறது, ஹப்கள் விதிவிலக்கு. உறங்கியெழத் தடுமாறும் சாதனங்கள் சந்தையில் நிறைய என்பதே காரணம். ஒவ்வொரு சாதனத்தின் மின்கட்டுப்பாட்டுக் கோப்பில் 'ஆட்டோ' என்று எழுதினால் தானியங்கி உறக்கம் இயங்கும். 'ஆன்' என்று எழுதினால் எப்போதும் விழிப்பு. சும்மா இருந்தால் 2 நொடியில் உறக்கம் என்பது வழக்கமான அளவு. பவர்டாப் போன்ற கருவிகள் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் 'ஆட்டோ' ஆக்கிவிடும். அதன்பின் ஓர் அடாப்டர் மக்கர் செய்தால் அதை மட்டும் 'ஆன்' நிலைக்கு மாற்றிப் பார்க்கலாம். விண்டோஸில் இதற்கான இடம் டிவைஸ் மேனேஜர்: மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும்.