ஒரே தெரு, இரண்டு மொழி, ஒரு படம்: பக்கத்து வீட்டாரோடு பேசவைக்கும் திரையிடலை நடத்துவது எப்படி?

திருப்பூரில் ஒரு லைன் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அறையில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அடுத்த அறையில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த இளைஞர்கள். இரு தரப்பும் பனியன் கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். தண்ணீர் பிடிப்பது ஒரே குழாயில். ஆண்டுக்கணக்காக அருகருகே இருந்தும், தண்ணீர் வந்ததா, கரண்ட் எப்போது வரும் என்பதைத் தாண்டி அவர்களுக்குள் பேச்சு வளர்ந்திருக்காது. இதற்கு யாருடைய வெறுப்பும் காரணமில்லை. உட்கார்ந்து பேச ஓர் இடமும் நேரமும் பொதுவான ஒரு விஷயமும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

மாதம் ஒரு மாலை சேர்ந்து படம் பார்த்தால் இந்த மூன்றும் கிடைத்துவிடும். ஆனால் படத்தை ஓட்டிவிட்டுக் கலைந்து போனால் மொழி வராது. இரண்டு மணி நேரம் இந்திப் படம் பார்த்தவர் கதையோடு வீட்டுக்குப் போவார், வாக்கியங்கள் அவரோடு போகா. படத்துக்கு முன்னும் பின்னும் பேசும் நேரத்தில்தான் மொழி கற்கப்படுகிறது. ஆகவே நாம் திட்டமிட வேண்டியது அந்தப் பேச்சு நேரத்தைத்தான். படம் அதற்கு வழி திறந்துவிடும்.

யார் நடத்துவது?

இரு தரப்பும் சேர்ந்து நடத்த வேண்டும். தமிழர்கள் ஏற்பாடு செய்து மற்றவர்களை விருந்தாளிகளாக அழைத்தால், வருகிறவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து அமைதியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆறு பேர் குழு என்றால் மூன்று பேர் தமிழர், மூன்று பேர் வெளிமாநிலத்தவர். ஒரு மாதம் தமிழ்ப் படம், மறுமாதம் அவர்கள் மொழிப் படம். இந்தச் சமம் குலைந்தால் நிகழ்ச்சி இரவுப் பாடசாலை ஆகிவிடும். ஒரு தரப்பு கற்றுக்கொடுத்துக்கொண்டும் மறுதரப்பு தலையாட்டிக்கொண்டும் இருக்கும்.

வடக்கே இருந்து வந்தவர்கள் எல்லோரும் இந்திக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒடிசாக்காரர் வீட்டில் பேசுவது ஒடியா, மேற்கு வங்கத்தவர் பேசுவது வங்காளம், பீகாரிகளில் பலர் வீட்டில் பேசுவது போஜ்புரி அல்லது மைதிலி. உங்கள் தெருவில் எந்த மொழிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று விசாரித்த பிறகே படத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அழைப்பை அந்தந்த மொழி எழுத்தில் ஒட்டுவதோடு, வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவும் அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேரும்.

சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை என்று ஓடும் ஊரில் ஞாயிறு மாலைதான் தோதான நேரம். தீபாவளிக்கு அடுத்த வாரம் வைக்காதீர்கள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை வரும். பீகார்காரர்கள் பலர் அதற்காக ஊருக்குப் போயிருப்பார்கள்.

முதல் படம் பேசாத படமாக இருக்கட்டும்

முதல் மாலையில் எந்த மொழிப் படம் போட்டாலும் பாதிப் பேருக்குப் புரியாது. வசனமே இல்லாத படம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு புரியும். சார்லி சாப்ளினின் 'தி கிட்' 1921இல் வந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். கைவிடப்பட்ட குழந்தையை ஓர் ஏழை எடுத்து வளர்க்கும் கதை. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை ஒருவர் தமிழிலும் இன்னொருவர் இந்தியிலும் உரக்கப் படித்தால் போதும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் படம் காட்டும் திட்டம் 2022இல் தொடங்கியபோது இந்தப் படமும் அதில் இடம்பெற்றது.

நம் நாட்டுப் படம் வேண்டுமென்றால் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி 1987இல் வெளிவந்த 'பேசும் படம்' இருக்கிறது. கமல்ஹாசன் நடித்தது, முழுப் படத்திலும் வசனம் கிடையாது. வேலையில்லாத இளைஞன் ஒருவன் பணக்காரனின் இடத்தில் சில நாள் வாழ்ந்து பார்ப்பது கதை. படம் முடிந்ததும் "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேளுங்கள். ஆளுக்கொரு மொழியில் பதில் வரும். படத்தில் இல்லாத வசனத்தைப் பார்த்தவர்களே பேசத் தொடங்குவார்கள்.

அடுத்தடுத்த படங்கள்

இரண்டாம் மாதத்துக்குப் பிமல் ராயின் 'தோ பிகா ஜமீன்' பொருத்தமானது. 1953இல் வந்த இந்திப் படம். கடனில் சிக்கிய இரண்டு பிகா நிலத்தை மீட்கப் பணம் சேர்க்க, ஒரு விவசாயி மகனோடு கல்கத்தாவுக்குப் போய்க் கைரிக்‌ஷா இழுக்கிறார். பல்ராஜ் சாஹ்னி அந்த விவசாயியாக நடித்தார். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது தங்கள் கதை. தேனியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் திருப்பூருக்கு வந்த தமிழர்களுக்கும் இது தங்கள் கதைதான். 'நீங்கள் ஏன் ஊரை விட்டு வந்தீர்கள்?' என்று நேராகக் கேட்கச் சங்கடமாக இருக்கும். படத்திலிருக்கும் விவசாயியைப் பற்றிப் பேசும்போது அந்தக் கேள்விக்கு இரு பக்கமும் தானாகப் பதில் வந்துவிடும்.

தமிழில் மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015) நல்ல தேர்வு. சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இருவர் பீட்சா சாப்பிட ஆசைப்படுகிறார்கள். கதையை எவரும் பின்தொடரலாம். குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கும் ஏற்றது.

ஒரே கதை இரு மொழியில் வந்திருந்தால் மொழி கற்க இன்னும் வசதி. ஜீத்து ஜோசப் மலையாளத்தில் 2013இல் எடுத்த 'த்ரிஷ்யம்', அவர் இயக்கத்திலேயே 2015இல் தமிழில் 'பாபநாசம்' ஆனது. அதே ஆண்டு இந்தியிலும் வந்தது. கதை முன்பே தெரிந்திருப்பதால் இரண்டாவது முறை கவனம் முழுக்கப் பேச்சின் மேல் போகும். 'பாபநாசம்' நெல்லைத் தமிழில் இருப்பதால், கொஞ்சம் தமிழ் பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரு மாநிலத்தவரைத் திருடனாகவோ கோமாளியாகவோ காட்டும் படங்கள் எல்லா மொழியிலும் இருக்கின்றன. குழுவில் இரு தரப்பிலும் ஒவ்வொருவர் முழுப் படத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பெரியவர்கள் மட்டும் பார்க்கும் படமா, குழந்தைகளும் பார்க்கலாமா என்பதற்குத் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 2024 முதல் யூஏ பிரிவு, 7, 13, 16 வயதுகளுக்கு மேல் என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

அனுமதி வாங்குங்கள்

ஓடிடி சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். அதை மண்டபத்தில் ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்ட உரிமை இல்லை. கடையில் வாங்கிய டிவிடிக்கும் இதுதான் நிலை. தயாரிப்பாளரிடமோ விநியோகஸ்தரிடமோ எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். கட்டணமில்லாத, லாப நோக்கமில்லாத மொழிப் பழக்க நிகழ்ச்சி என்று தெளிவாக எழுதுங்கள். தேதி, இடம், எத்தனை பேர் வருவார்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1953இல் வந்த 'தோ பிகா ஜமீன்' அந்தக் காலத்தைக் கடந்துவிட்டது. 1964இல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'க்கு அந்தக் காலம் 2024 முடிவோடு தீர்ந்தது. ஆனாலும் கதை, பாடல் ஆகியவற்றின் உரிமை தனியாக நீடிக்கலாம். பின்னாளில் ஒருவர் செய்த சப்டைட்டிலும் அவருக்கே சொந்தம். ஆகவே பழைய படத்துக்கும் ஒரு கடிதம் எழுதிவிடுவது நல்லது. நுழைவுக் கட்டணம் மட்டும் எந்தப் பெயரிலும் வசூலிக்காதீர்கள்.

சப்டைட்டில் எந்த மொழியில்?

பிரிஜ் கோத்தாரி என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, ஸ்பானிய மொழி கற்பதற்காக நண்பர்களோடு ஒரு ஸ்பானியப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஆங்கிலம் ஓடியது. அதற்குப் பதில் ஸ்பானியமே ஓடினால் நன்றாகக் கற்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த யோசனையை 1996இல் அகமதாபாத் ஐஐஎம்மில் ஆய்வாகத் தொடங்கி, தொலைக்காட்சித் திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் வரிகள் ஓடும் முறையாக வளர்த்தார். பார்வையாளர்கள் வாசிப்புப் பழக அது பயன்பட்டது.

2009இல் வெளியான இன்னொரு ஆய்வில் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மக்வீன் இருவரும் நெதர்லாந்து மாணவர்களுக்கு ஆஸ்திரேலிய, ஸ்காட்லாந்து உச்சரிப்பு ஆங்கிலக் காட்சிகளைக் காட்டினார்கள். ஆங்கிலச் சப்டைட்டிலோடு பார்த்தவர்களின் காது அந்த உச்சரிப்புக்குப் பழகியது. டச்சு மொழிச் சப்டைட்டில் கதையைப் புரியவைத்தாலும், புதிய பேச்சைப் பிடிப்பதற்கு இடைஞ்சலாக இருந்தது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் நடைமுறை: முழுப் படத்தையும் பார்வையாளருக்குத் தெரிந்த மொழிச் சப்டைட்டிலோடு காட்டுங்கள், ரசிக்கட்டும். பிறகு மூன்று நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் படத்தின் மொழியிலேயே சப்டைட்டில் போட்டு மறுபடி காட்டுங்கள், காது பழகட்டும். அந்தச் சப்டைட்டிலை நீங்களே செய்யலாம். எஸ்ஆர்டி கோப்பு என்பது நேரமும் வசனமும் வரிசையாக எழுதப்பட்ட சாதாரண உரைக் கோப்புதான். தமிழ் வசனத்தைப் பேசுகிறபடியே எழுதுங்கள். காதில் "எங்க போறீங்க?" என்று கேட்கும்போது திரையில் "எங்கே செல்கிறீர்கள்?" என்று இருந்தால் கற்பவர் குழம்பிவிடுவார்.

தமிழ் எழுத்து தெரியாதவருக்கு அந்தக் காட்சியின் வரிகளைத் தேவநாகரியிலோ ஒடியா எழுத்திலோ சார்ட் அட்டையில் எழுதி ஒட்டுங்கள். இந்தி வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது, நம் ஒரே 'க' இந்தியின் நான்கு ஒலிகளுக்கு நிற்க வேண்டியிருக்கும். அதனால் அந்த மொழிக்காரர் ஒருவர் ஒவ்வொரு வரியையும் சொல்லிக்காட்டுவது அவசியம்.

இடம், திரை, ஒலி

பெரிய அரங்கு தேவையில்லை. சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் 1947இல் தொடங்கிய கல்கத்தா பிலிம் சொசைட்டி சிறிய கூடல்களாகத்தான் வளர்ந்தது. கிளை நூலகம், பள்ளிக்கூட ஹால், சமுதாயக் கூடம் எதுவும் ஏற்றது. எந்தக் கட்சிக்கும் சாதிக்கும் சொந்தமில்லாத இடமாக இருந்தால் எல்லோரும் தயங்காமல் வருவார்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் கூடாது.

செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் ஒலிக்குக் கொடுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் கதை புரியும். வசனம் எதிரொலித்தால் புது மொழிக்காரருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. வெறும் சுவர்களில் துணி தொங்கவிடுங்கள், தரையில் பாய் விரியுங்கள், ஸ்பீக்கரைத் திரைக்கு அருகில் காது உயரத்தில் வையுங்கள். திரையின் அடிப்பகுதி முன்வரிசைத் தலைகளுக்கு மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் சப்டைட்டில் பின்வரிசைக்குத் தெரியாது. முந்தைய நாளே கணினியில் விஎல்சி பிளேயரில் படத்தைப் போட்டு, சப்டைட்டிலில் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று பாருங்கள். ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டவும் வேகத்தைக் குறைக்கவும் அதில் வசதி இருக்கிறது.

மாலை எப்படிப் போக வேண்டும்?

5 மணிக்குக் கூடுங்கள். முதல் கால் மணி நேரம் அறிமுகத்துக்கு. படத்தில் அடிக்கடி வரும் ஐந்து சொற்களைச் சொல்லிக்கொடுங்கள். படம் பார்க்கும்போது மனதில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு கேள்வியும் கொடுங்கள். 'காக்கா முட்டை' என்றால், "பையன்கள் எதற்கெல்லாம் காசு சேர்க்கிறார்கள்?" என்பது போதும்.

படத்தின் நடுவே இடைவேளை, டீ, சுண்டல். ஒரு மாதம் சுண்டல் என்றால் மறுமாதம் பீகார் நண்பர்களின் லிட்டி சோக்கா. அடுப்படியில் ஒன்றாக நிற்கும்போது பாத்திரம், உப்பு, காரம், போதும், இன்னும் கொஞ்சம் என்று எத்தனையோ சொற்கள் பாடம் எடுக்காமலே வந்துவிடும்.

படம் முடிந்தபின் அரை மணி நேரம் பேச்சு. இதுதான் நிகழ்ச்சியின் உயிர், இதை ஒருபோதும் சுருக்காதீர்கள். இரண்டு மொழிக்காரர்கள் இருவர் இருவராக உட்காரட்டும். மூன்று நிமிடக் காட்சியை முதலில் அப்படியே ஒருமுறை, பிறகு வரிவரியாக நிறுத்தி ஒருமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியையும் இருவரும் சொல்லிப் பார்க்கட்டும். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டி, இருவரையும் வசனம் பேசச் சொல்லுங்கள்.

காட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது அழுகையும் வீரவசனமும் வேண்டாம். கடையில் விலை கேட்பது, பஸ்ஸில் வழி கேட்பது, டாக்டரிடம் வலியைச் சொல்வது, முதலாளியிடம் லீவு கேட்பது போன்றவை திங்கட்கிழமையே பயன்படும். சென்னைத் தமிழ்க் காட்சி என்றால், "நம்ம ஊரில் இதை எப்படிச் சொல்வோம்?" என்று திருப்பூர்க்காரர்களைக் கேளுங்கள். கொங்குத் தமிழும் அப்போதே அறிமுகமாகும்.

மூன்று ஒழுங்குகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். யாருடைய உச்சரிப்பையும் கேலி செய்யக் கூடாது. பேசி முடிக்கும்வரை குறுக்கே திருத்தக் கூடாது. கூப்பிடும்போது பெயரைச் சொல்லியோ அண்ணா, அக்கா, பாய், தீதி என்று மரியாதையாகவோ கூப்பிட வேண்டும். மாநிலத்தையே பெயராக்கி அழைப்பது நுழைவாயிலோடு நிற்கட்டும். பெண்கள் வர வேண்டுமென்றால் குழந்தைகளுக்குத் தனிப் பாயும் ஓவியத் தாளும் வையுங்கள். இருட்டும் முன் தொடங்கி, திரும்பிப் போகத் துணை ஏற்பாடு செய்யுங்கள்.

பலன் தந்ததா என்று எப்படி அறிவது?

வந்தவர் எண்ணிக்கையை வைத்து அளக்காதீர்கள். சென்ற மாதக் காட்சியை இந்த மாதம் எத்தனை பேர் நினைவிலிருந்து பேசுகிறார்கள், இடையிலுள்ள நாட்களில் எத்தனை ஜோடிகள் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள், குழுவில் புதிதாகப் பொறுப்பேற்க யார் முன்வந்தார்கள் என்று கேளுங்கள். ஆறு மாதம் கழித்தும் பேசும் தரப்பு ஒன்றாகவும் கேட்கும் தரப்பு ஒன்றாகவும் இருந்தால், படத் தேர்வை அமைதியாக இருக்கும் தரப்பிடம் முழுவதுமாக ஒப்படையுங்கள்.

புரொஜெக்டர், திரை, அனுமதிக் கடிதம் எல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஞாயிறு செய்ய வேண்டியது ஒன்றுதான். பக்கத்து அறைக் கதவைத் தட்டி, அவர்கள் ஊரில் எல்லோரும் விரும்பிப் பார்க்கும் படம் எது என்று கேளுங்கள். குழுவின் முதல் கூட்டம் அங்கேயே தொடங்கிவிடும்.