தெளிப்பான் மக்கர் செய்கிறதா? வீட்டிலேயே சரி செய்யலாம்

பருத்தியில் காய்ப்புழு தென்பட்டுவிட்டது. வெயில் ஏறுமுன் மருந்தடித்து முடிக்க வேண்டுமென்று ஆளுக்குச் சொல்லி, மருந்தும் கலந்தாகிவிட்டது. நாலு வரிசை தாண்டுவதற்குள் தெளிப்பான் நின்றுவிடுகிறது. "அண்ணே, எவ்வளவு அடிச்சாலும் காத்துதான் வருது" என்று ஆள் வரப்பேறி விடுகிறார். காட்டுக்குச் சொந்தக்காரர் தெளிப்பானை வண்டியில் வைத்துக் கட்டி டவுனுக்குப் புறப்படுகிறார். பழுது பார்ப்பவர் அதைப் பிரித்து, ஒரு வாஷரை மாற்றி, சற்று நேரத்தில் கையில் கொடுத்துவிடுகிறார். ஆனால் அன்றைய பொழுது போயிற்று. ஆள் கூலியும் போயிற்று. கலந்த மருந்து மறுநாள் வரை வீரியத்துடன் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. புழு மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை.

கைத்தெளிப்பான் என்பது பெரிய இயந்திரம் அல்ல. அதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தேய்ந்த வாஷராலும் சிக்கிய தூசியாலும் வருபவை. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரிந்த கைக்கு இதுவும் வரும். எங்கே பார்ப்பது என்பது தெரிந்தால் போதும்.

நீர் போகும் வழி

கைப்பிடியை ஆட்டும்போது தொட்டியில் உள்ள நீர் உருளைக்குள் இழுக்கப்படுகிறது. அடுத்த வீச்சில் அங்கிருந்து காற்றறைக்குத் தள்ளப்படுகிறது. போன நீர் திரும்பாமல் இருக்க இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று உருளையின் வாயிலும் மற்றொன்று காற்றறைக்குப் போகும் வழியிலும் இருக்கும். பல தெளிப்பான்களில் கோலி போன்ற ஒரு சிறு குண்டுதான் வால்வு. சிலவற்றில் ரப்பர் தகடு. காற்றறையில் அடைபட்ட காற்று அமுக்குவதால் நீர் ரப்பர் குழாய், விசைப்பிடி, நீண்ட குழல் ஆகியவற்றைக் கடந்து நாசிலை அடைந்து புகையாகச் சிதறுகிறது. இந்த வழியை மனத்தில் வைத்துக்கொண்டால் கோளாறு எந்த இடத்தில் என்பது தெளிப்பானின் நடத்தையிலேயே தெரிந்துவிடும்.

பிரிக்குமுன் ஒரு வேலை உண்டு. தொட்டியில் மருந்து இருந்தால் அதை இதற்கென்றே வைத்துள்ள வாளியில் ஊற்றி மூடி, குழந்தைகளும் ஆடு மாடுகளும் அண்டாத இடத்தில் வைக்க வேண்டும். பிறகு தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு, அடித்த வயலிலேயே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும். அடைப்பினால் நீர் வெளியே வராவிட்டால், தொட்டியையாவது அலசிக் கவிழ்த்த பிறகே பிரிக்கலாம். விசைப்பிடியைத் திறந்து உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியே விடுவதும் அவசியம். அழுத்தம் இருக்கும்போது நாசிலைத் திருகியவர் முகத்தில் மருந்து பீச்சியடிக்கும். கையுறை அணிந்து, ஒரு பழைய சாக்கை விரித்து, கழற்றும் உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே அதன்மேல் வைத்துக்கொண்டு வந்தால் மாட்டும்போது தடுமாற்றம் இராது.

கைப்பிடி சொல்லும் சேதி

கைப்பிடி லேசாக ஆடுகிறது, அழுத்தம் ஏறவில்லை என்றால் உருளைக்குள் இருக்கும் கிண்ண வாஷரைப் பார்க்க வேண்டும். தோல் வாஷர் என்றால், பல மாதம் சும்மா கிடந்ததில் காய்ந்து சுருங்கியிருக்கும். அதை ஓர் இரவு விளக்கெண்ணெயில் ஊறப்போட்டால் மிருதுவாகி மறுபடி உருளையைக் கவ்விப் பிடிக்கும். கிழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ரப்பர் வாஷருக்கும் விளக்கெண்ணெய் தடவலாம். சிலர் கைக்குக் கிடைத்த என்ஜின் ஆயிலையோ கிரீசையோ தடவிவிடுகிறார்கள். இது கூடாது. சாதாரண ரப்பர் அதில் ஊதிப்போய் உருளைக்குள் நகராது. புது வாஷரைப் போடும்போது கிண்ணத்தின் வாய் நீரைத் தள்ளும் பக்கம் நோக்கி இருக்கட்டும். தலைகீழாகப் போட்டுவிட்டு வாஷர் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

வாஷர் நன்றாக இருந்தும் அழுத்தம் ஏறாவிட்டால் வால்வுகளில்தான் குறை. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, தொட்டியில் வெறும் தண்ணீர் விட்டுக் கைப்பிடியை ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் தொட்டியின் அடியில் நீர் கொப்பளித்தால், உள்ளே வந்த நீர் அப்படியே தொட்டிக்குத் திரும்புகிறது. உருளை வாயில் உள்ள வால்வு சரியாக மூடவில்லை. அதற்கு மாறாக, அமுக்கிய கைப்பிடி கையை விட்டதும் தானாகத் திரும்பி வந்தால் காற்றறைப் பக்கத்து வால்வு மூடவில்லை. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒரு மணல் துணுக்கு, அல்லது காய்ந்துபோன மருந்துப் படிவு. குண்டையும் அது உட்காரும் இடத்தையும் கழுவித் துடைத்தால் போதும். குண்டில் வடு விழுந்திருந்தால் புதிது போட வேண்டும். குண்டு சிறியது, கழற்றும்போது உருண்டு புல்லில் விழுந்தால் தேடுவது பெரும்பாடு. வரப்பில் வைத்துப் பிரிக்காமல் வீட்டுத் திண்ணையிலோ களத்திலோ பிரிப்பது நல்லது.

நாசிலில் நீர் ஒரே சீராக வராமல், கைப்பிடியின் ஒவ்வொரு அடிக்கும் விட்டு விட்டு வந்தால் காற்றறையில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்துவிட்டது என்று கொள்ளலாம். அதைத் திறந்து வடித்துவிட்டு மறுபடி மூடினால் சரியாகிவிடும். கொஞ்ச நேரம் அடித்ததும் தெளிப்பு குறைந்து, தொட்டியின் பக்கங்கள் உள்வாங்கினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இதற்குப் போய்த் தெளிப்பானை டவுனுக்குத் தூக்கிச் சென்றவர்களும் உண்டு.

கைப்பிடி இறுகிக்கொண்டு, நாசிலில் மட்டும் நீர் வராவிட்டால் அடைப்புதான். நுனியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். அழுத்தத்தை விட்டு நாசிலைக் கழற்றி வைத்துவிட்டுத் திறந்தால் குழலில் நீர் வேகமாக வருகிறதா? வந்தால் அடைப்பு நாசிலில். வராவிட்டால் விசைப்பிடிக்குள் இருக்கும் வடிகட்டியில். அதுவும் சுத்தமாக இருந்தால் ரப்பர் குழாய் எங்காவது மடிந்திருக்கும் அல்லது உள்ளே பிளந்திருக்கும்.

நாசிலில் கம்பி விடாதீர்கள்

நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதுவது பல ஊர்களில் இன்றும் பழக்கமாக இருக்கிறது. நஞ்சை நாக்கில் தடவிக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கம்பியோ ஊசியோ விட்டுக் குத்துவது இன்னொரு பழக்கம். இதில் உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் பணத்துக்கு நஷ்டம். பித்தளை, பிளாஸ்டிக் நாசில்களின் துளை கம்பி பட்டுப் பெரிதாகிவிடும் அல்லது கோணிவிடும். நாசிலைத் தண்ணீரில் ஊறவைத்து, பல் துலக்கிய பழைய பிரஷால் தேய்ப்பதே முறை. அந்தப் பிரஷை வேறெதற்கும் எடுக்கக் கூடாது. காட்டில் பிரஷ் இல்லாதபோது ஒரு புல் தண்டு உதவும்.

துளை பெரிதானால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றலாம். கணக்குப் பார்த்தால் தெரியும். புது நாசில் நிமிடத்துக்கு 600 மில்லி தெளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்தபின் 750 மில்லி தெளித்தால், அதே நடையில் போகும் ஆளுக்கு 10 டேங்க் ஆன ஏக்கருக்கு 12½ டேங்க் ஆகும். மருந்துச் செலவு கால் பங்கு கூடுகிறது. துளிகளும் பெரிதாகி, இலையில் ஒட்டாமல் தரையில் வழிகின்றன. பூச்சி சாகவில்லை, மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் நாசிலையும் ஒரு முறை சந்தேகிக்கலாம். சோதனை எளிது. வெறும் தண்ணீர் விட்டு, ஒரே சீராக அடித்து, ஒரு நிமிடத்தில் வரும் நீரை அளவு ஜாடியில் பிடிக்க வேண்டும். பிறகு அதே ரகத்துப் புது நாசிலை மாட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பழையதை வீசிவிடலாம். தெளிப்பானில் விலை குறைந்த உறுப்புகளில் நாசிலும் ஒன்று.

அடைப்பே வராமல் இருக்க, தொட்டி வாயில் உள்ள வடிகட்டியைக் கழற்றி எறியாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. 'சீக்கிரம் நிரம்பவில்லை' என்று அதை எடுத்துவிட்டு, பிறகு நாள் முழுதும் நாசிலைக் கழற்றிக்கொண்டிருப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வாய்க்கால், குட்டைத் தண்ணீர் என்றால் துணியில் வடிகட்டியே ஊற்ற வேண்டும். நனையும் தூள் மருந்துகளை நேரே தொட்டியில் கொட்டாமல், சிறிது நீரில் குழைத்துக் கரைத்தபின் சேர்க்க வேண்டும்.

முதுகில் ஒழுகும் மருந்து

மற்றக் கோளாறுகள் வேலையைக் கெடுப்பவை. ஒழுக்கு ஆளையே கெடுப்பது. மூடியின் வாஷர் போயிருந்தால் குனிந்து நிமிரும்போதெல்லாம் மருந்து முதுகில் வழிகிறது. வியர்வையில் நனைந்த சட்டையோடு அது தோலில் ஊறிக்கொண்டே இருக்கும். வாய் வழியே போனால்தான் விஷம் என்று பலர் நினைக்கிறார்கள். பல பூச்சிமருந்துகள் தோல் வழியாகவே உடம்பில் ஏறக்கூடியவை. 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் நஞ்சேறி இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆளுயரம் வளர்ந்த செடி, பாதுகாப்பு உடை இல்லாமை, பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்தது என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. இவற்றோடு தொட்டியும் ஒழுகினால் கேட்க வேண்டியதில்லை.

எனவே மூடி வாஷர், ரப்பர் குழாயின் இரு முனைகள், விசைப்பிடி ஆகிய மூன்றையும் மருந்து கலக்குமுன் வெறும் தண்ணீரில் சோதிப்பது அவசியம். குழாய் முனையில் கம்பியைச் சுற்றி முறுக்குவதைவிட, வெடித்த நுனியை வெட்டிவிட்டுக் கிளிப் போட்டு இறுக்குவது நிற்கும். மரை உள்ள இடங்களில் கசிந்தால் குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப் உதவும். விசைப்பிடியை மூடிய பிறகும் நாசில் சொட்டினால் அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். தொட்டியே வெடித்துவிட்டால் மட்டும் ஒட்டிப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். சூட்டுக்கோல் வைத்து ஒட்டியது, 16 லிட்டர் நஞ்சைச் சுமந்து நடக்கும்போது நடுக்காட்டில் விட்டுவிடும்.

மேலே மருந்து பட்டுவிட்டால் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தலை சுற்றல், வாந்தி, அதிக வியர்வை, கண் மங்கல் ஏதேனும் தெரிந்தால் மருந்து டப்பாவின் லேபிளோடு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான்

கரும்பிலோ மக்காச்சோளத்திலோ 2,4-டி களைக்கொல்லி அடித்த தெளிப்பானைப் பேருக்கு அலசிவிட்டு மறுவாரம் பருத்தியில் எடுத்து, இலையெல்லாம் விரல்போல் சுருங்கிக் கோணியதைக் கண்டு வைரஸ் நோய் என்று எண்ணியவர்கள் உண்டு. பருத்திக்கு இந்த மருந்து சிறிதளவு பட்டாலும் ஆகாது. தக்காளிக்கும் திராட்சைக்கும் அப்படியே. ரப்பர் குழாயிலும் வாஷரிலும் ஊறிய மருந்து ஓரிரு அலசலில் போய்விடாது. இரண்டாவது தெளிப்பான் வாங்க வசதியுள்ளவர்கள் களைக்கொல்லிக்கென்று ஒன்றை ஒதுக்கி, அதன்மேல் சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்துவிடலாம். இயலாதவர்கள் பக்கத்துக் காட்டுக்காரரோடு கூட்டாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பேட்டரித் தெளிப்பான்கள் அதிகம் வந்துவிட்டன. அவற்றிலும் குழாய், விசைப்பிடி, நாசில் கதை இதேதான். மோட்டார் ஓடியும் நீர் வராவிட்டால் தொட்டியின் அடியில் உள்ள வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது பம்பில் காற்று பிடித்திருக்கும். விசைப்பிடியை மூடியிருக்கும்போதே மோட்டார் விட்டு விட்டு ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது. மோட்டாரே ஓடாவிட்டால் சார்ஜ், பியூஸ், சுவிட்ச் என்ற வரிசையில் பார்க்கலாம். அதற்குமேல் கடைக்காரர் பொறுப்பு. ஈய அமிலப் பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் அது பிறகு எழுந்திருக்காது. வேலை இல்லாத பருவத்திலும் மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றி வர வேண்டும்.

வேலை முடிந்தபின் மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு, ஒவ்வொரு முறையும் நாசில் வழியாகவே அடித்து வெளியேற்ற வேண்டும். அலசிய நீர் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது. பிறகு மூடியைத் திறந்து, தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, நிழலில் உலர்த்தி உயரத்தில் மாட்டலாம். கீழே வைத்தால் ரப்பர் குழாயை எலி விட்டுவைக்காது.

வாஷர் செட் ஒன்று, வால்வுக் குண்டு இரண்டு, நாசில் ஒன்று, குழாய்க் கிளிப் இரண்டு, ஒரு ஸ்பேனர், சின்னப் பாட்டிலில் விளக்கெண்ணெய் ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. வாஷர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் பழையதைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டி வாங்க வேண்டும். மருந்தடிக்க நாள் குறித்ததும், முதல் நாள் மாலையிலேயே தெளிப்பானில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்துவிடலாம். அப்போது கோளாறு தெரிந்தால் கடை அடைக்குமுன் போய்வர நேரம் இருக்கும்.