பத்தாவது பாஸா?

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து இரண்டு பேர் துபாய்க்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ முடித்தவர். இன்னொருவர் அதே ஊரில் பீங்கான் சூளையில் பல வருடம் வேலை பார்த்தவர். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவர். சூளைச் சூடு இரண்டாமவருக்குத்தான் அத்துப்படி. ஆனால் பத்தாவது தேறாத அவர் பாஸ்போர்ட்டில்தான் 'ஈசிஆர்', அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று விழும். முதலாமவர் வேலை விசாவைக் காட்டி விமானம் ஏறிவிடலாம். இவருக்கு, வேலைக்கு வெளிநாடு போகிறவர்களைக் காக்க அரசு வைத்திருக்கும் 'புரொடெக்டர்' அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

வெளிநாட்டுக்காரர் நம்மை உள்ளே விடுவாரா என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். நம் அரசு நம்மை வெளியே விடுவதற்கும் ஒரு சட்டம் உண்டு. அதன் வேர் கரும்புத் தோட்டத்தில் இருக்கிறது.

பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் பஞ்சம் வந்தது. 1834 முதல் மொரிஷியஸுக்கு இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். ஆசை காட்டியும் ஏமாற்றியும் ஆள் பிடித்த கதைகள் வெளியே வரவே, 1837-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஒரு சட்டம் போட்டது. போகிறவர் அதிகாரி முன்னால் நேரில் வந்து நிற்க வேண்டும். நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும். அதுவும் பலிக்கவில்லை. 1839-இல் அனுப்புவதையே நிறுத்தி, 1842-இல் மொரிஷியஸுக்கு மறுபடி திறந்தார்கள். பின்னால் வந்த சட்டங்கள் துறைமுகங்களில் புரொடெக்டர்களை அமர்த்தின. துறைமுகம் விமான நிலையமாகிவிட்டது. பதவியின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஒப்பந்தக் கூலி முறை 1917-இல் நின்றது. 1922-இல் வந்த சட்டப்படி உடலுழைப்புக்கு ஆள் போவது அரசு குறிப்பிட்ட நாடுகளுக்கு மட்டும்தான். இந்தச் சட்டத்துக்குப் பல்லும் இருந்தது: மலாயா ரப்பர் தோட்டங்களில் கூலியைக் குறைத்தபோது, 1938-இல் இந்திய அரசு அங்கே ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது.

1967-இல் உச்ச நீதிமன்றம் வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றது. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறி, வளைகுடா ஆள் கேட்டது. எங்கள் ஸ்ரீமுஷ்ணம் கோயில் பூவராகர் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரை வரை போய்த் தீர்த்தமாடித் திரும்பிவிடுகிறார். நம் பையன்களுக்கு அதற்கு அப்பாலும் போக வேண்டியிருந்தது. அந்த வளைகுடா அலைக்காக வந்ததுதான் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். கையெழுத்துப் போடும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று புரியாதவரைக் காப்பது அதன் நோக்கம். புரியும், புரியாது என்பதை அளக்க அரசு எடுத்துக்கொண்ட அளவுகோல் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்!

இந்தச் சோதனையும் எல்லா நாட்டுக்கும் இல்லை. 18 நாடுகளுக்குத்தான். மலேசியா பட்டியலில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. இரண்டையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தின் மலேசிய முனைக்கு வேலைக்குப் போகிறவருக்குக் காவல் தேவை, மறுமுனைக்குப் போகிறவருக்குத் தேவையில்லை. வருமான வரி கட்டினாலும், 50 வயது தாண்டினாலும் காவல் விலகிவிடும். 2018 ஜனவரியில் ஈசிஆர்காரர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டையில் பாஸ்போர்ட் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. படிக்காதவரை நிறம் பிரித்துக் காட்டுவதா என்று எதிர்ப்புக் கிளம்ப, அதே மாதம் 30-ஆம் தேதி வாபஸ்.

பாதுகாப்பு என்பது வெறும் பேச்சில்லை. பதிவு பெற்ற ஏஜென்ட், இணையத்தில் பதிவாகும் ஒப்பந்தம், 10 லட்ச ரூபாய் காப்பீடு எல்லாம் இதில் சேர்த்தி. ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக் கூடாது. அந்தத் தொகையோடு போய்ச் சேர்ந்தவரை எங்கள் பக்கத்தில் வலைவீசித்தான் தேட வேண்டும்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஆகவே பல ஏஜென்ட்கள் விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறார்கள். அங்கே போய் வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்படிப் போனவரின் ஒப்பந்தம் எந்தப் பதிவிலும் இருக்காது. சாரத்திலிருந்து விழுந்தால் அந்தக் காப்பீடும் கிடையாது.